அடைப்புக்குறிக்கு முன்னால் ஒரு மைனஸ்

சடசடவென்று மழை பிடித்துக்கொண்டது. அவள் ஓடி வந்து பஸ் நிறுத்தத்தில் ஒதுங்கியபோது, ஒருவன் போனில் பொரிந்துகொண்டிருந்தான்.

"விடுக்கா... அந்தக் கணக்கு டீச்சருக்கு ஈவு இரக்கமே கிடையாது! நாளைக்கே போய் ஒரு பிடி பிடிக்கிறேன்."

போனை வைத்தவன் அவள் பக்கம் திரும்பினான். "நீங்களே சொல்லுங்க. எங்க அக்கா பொண்ணு என்னை மாதிரி மாட்டு டாக்டர் ஆகணும்னு உசுரா இருக்கா. அல்ஜிப்ரா பாஸ் பண்ணினாதான் அறிவியல் பிரிவாம்! இதுவரைக்கும் எந்த மாடாவது என்கிட்ட x என்னன்னு கேட்டிருக்கா?"

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மாட்டு டாக்டர் கனவோடு அவள் வகுப்பில் இருப்பது ஒருத்திதான்; அந்த டீச்சரே அவள்தான்... ஆனால் கோபத்திலும் அந்தக் கண்கள் என்ன அழகு! ச்சே, புத்தி போகிற போக்கைப் பார்!

"மாட்டுக்கு மருந்து அளவு எப்படிப் போடுவீங்க?"

"எடையை வச்சு..." சட்டென்று நிறுத்தினான். "சரி, கணக்கு வேணும்தான். ஆனா நானே உக்காந்து சொல்லிக்கொடுத்தேங்க. எப்படி ஃபெயில் ஆவா?"

வீம்பாக, நிறுத்தத்தின் ஆவி படிந்த கண்ணாடித் தடுப்பில் விரலால் எழுதினான்: 7 − (x − 2). அதன் கீழே, 7 − x − 2.

அவளுக்குத் திக்கென்றது. அந்தப் பெண்ணின் விடைத்தாள் முழுக்க இதே தப்பு!

"முன்னாடி மைனஸ் இருந்தா அடைப்புக்குள்ள எல்லாக் குறியும் மாறணும். கடைசியில பிளஸ் ரெண்டு. பாவம், நீங்க சொன்னதை அப்படியே நம்பியிருக்கா."

"இது... உங்களுக்கு எப்படி?"

"நான்தான் அந்த ஈவு இரக்கம் இல்லாத டீச்சர். மறுதேர்வு வருது. தப்பு உங்களோடதுன்னு நீங்களே அவகிட்ட சொல்லிடுங்க."

அவன் முகத்தில் ஈயாடவில்லை. "அவ முன்னாடி நான் முட்டாளா நிக்கணுமா? முடியாது!" விருட்டென்று பஸ் ஏறிவிட்டான்.

பள்ளியில் அந்தப் பெண்ணும் லேசுப்பட்டவள் இல்லை. "எங்க மாமா தப்பாச் சொல்லவே மாட்டார் மிஸ்!" டீச்சர் எத்தனை முறை திருத்தினாலும் மறுபடி அதே மைனஸ். இப்படியே எழுதினால் அவள் கனவு அவ்வளவுதான்... டீச்சருக்கு மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

ஒருநாள் சாயங்கால வகுப்பின் வாசலில் நிழலாடியது. அவன்!

"மாமா சொன்னது தப்புடா கண்ணு. டீச்சர் சொல்றதுதான் சரி. என் வீம்புக்கு உன் கனவு பலியாகக் கூடாது." சொல்லிவிட்டு, முட்டி இடிக்க அந்தச் சின்ன பெஞ்சில் அக்கா பெண்ணருகே உட்கார்ந்தான். "எனக்கும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்க டீச்சர்."

அந்த நிமிஷமே டீச்சரின் மனசு அவன் பக்கம் போய்விட்டது. அப்புறம் அவன் தினமும் வந்தான்.

மறுதேர்வு முடிவு வந்தது. பாஸ்! பெண் அம்மாவிடம் சொல்ல ஓடினாள். அவன் மட்டும் நகரவில்லை.

"இனிமே நான் இங்க வர்றதுக்குக் காரணமே இல்லையே..."

"இல்லைதான்..." அவள் ஏற்கெனவே துடைத்த பலகையை மறுபடி துடைத்தாள்.

"உங்களைப் பிடிச்சிருக்கு... அதைக் காரணமா வச்சுக்கலாமா?"

அவள் கண்கள் தரையைத் தேடின. "எனக்கும்தான்... ஆனா வீட்டுல வந்து கேளுங்க. எங்க அப்பாவும் கணக்கு வாத்தியார்தான்."

"ஐயையோ!" என்றான். "சரி... எப்ப வரட்டும்?"