கையில் இல்லாத சாவி

சாவிக்காரர் வந்தபோது மணி ஐந்தரை. ஷெட்டுக்குள் கார் அசையாமல் நின்றது. நேற்றுக் காலையிலிருந்து அது கதவையும் திறக்கவில்லை, கிளம்பவும் இல்லை. கூப்பிட்ட வாடகை வண்டியும் கைவிரித்ததில் அம்மாவின் டயாலிசிஸ் தவறிப்போனது. அம்மாவின் கால்கள் இரண்டும் வீங்கிக் கிடந்தன.

மகள் ரிமோட் சாவியை நீட்டினாள். "நாலு பேட்டரி மாத்திட்டேன்ண்ணே."

அவர் அதைப் பிளந்து பார்த்தார். உள்ளே சின்னப் பலகை விரிசல் விட்டுப் பச்சை பூத்திருந்தது. "போன உயிருக்கு குளுக்கோஸ் ஏத்தியிருக்கீங்க" என்று சிரித்தவர், திறந்திருந்த கதவு வழியே கூடத்துச் சுவரில் புதிதாக மாட்டி மாலை போட்டிருந்த படத்தைக் கண்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கம்பி விட்டுக் கார்க் கதவைத் திறந்து, ஸ்டீயரிங்குக்கு அடியில் தன் கருவியைச் செருகினார்.

"கார் மெமரில ரெண்டு சாவி இருக்கே. இன்னொண்ணு எங்க? புதுசு எழுதறப்ப கையில இல்லாத சாவி அழிஞ்சிடும். அப்புறம் அது கெடைச்சாலும் கதவு திறக்காது."

"அது அப்பா பாக்கெட்ல இருந்துச்சு. அவர் ஆத்துல வழுக்கி விழுந்து நாலு மாசமாச்சு. அவரை எடுத்தாங்க, சாவி கெடைக்கல. அழிச்சிடுங்க."

"வேண்டாம்டி." வாசல் நிலையைப் பிடித்தபடி அம்மா நின்றிருந்தாள். "தினம் சாயங்காலம் ஆறரைக்கு கார் லைட்டு ரெண்டு தடவை எரியுது. அவர் வேலை விட்டு வர்ற நேரம்."

"அது இந்தச் சாவியோட கோளாறும்மா."

சாவிக்காரர் பலகையைத் திருப்பிப் பார்த்தார். "இதுலேர்ந்து சிக்னல் போக வழியே இல்லையே" என்றார் மெதுவாக.

மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நாளைக்குக் காலைல உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும். செத்தவருக்காக உன்னையும் சாகக் கொடுக்கச் சொல்றியா? அழிங்கண்ணே."

கருவி ஒருமுறை கூவியது. அவ்வளவுதான்.

அவர் புதுச்சாவியைக் கொடுத்துவிட்டுப் போனதும், மகள் சீட்டைத் தன் உயரத்துக்கு முன்னால் இழுத்து, இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்து, காரைப் பூட்டினாள்.

ஆறரை ஆனது. விளக்கு எரியவில்லை.

டக்.

ஓட்டுகிற பக்கத்துக் கைப்பிடி மேலே எழும்பி விழுந்தது. அருகில் யாருமில்லை.

டக். டக்.

ஆற்றுச் சேற்றின் நாற்றம் ஷெட்டை நிறைத்தது.

அந்த இழுப்பில் கோபம் இல்லை. நாளெல்லாம் உழைத்துக் களைத்து வந்தவர், தன் வண்டி ஏன் தனக்குத் திறக்கவில்லை என்று விளங்காமல் இழுக்கிற இழுப்பு.

"திறந்து விடுடி" என்று அம்மா கிசுகிசுத்தாள். "அப்பா வெளிய நிக்கிறார்டி."

மகள் புதுச்சாவியின் பொத்தான்மேல் விரலை வைத்தாள். அழுத்தவில்லை.

"போயிடுங்கப்பா" என்றாள். "என்னால ரெண்டு பேரையும் பார்த்துக்க முடியாது."

கைப்பிடி நின்றது.

அந்த அமைதியைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. பொத்தானை அழுத்தினாள். விளக்குகள் எரிந்தன. "அப்பா, திறந்துட்டேன்ப்பா" என்று மறுபடி மறுபடி அழுத்தினாள். யாரும் கதவைத் தொடவில்லை. அம்மா உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

நாலு மாதமாக அழாதவள் ஷெட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதாள். எழுந்து போகும்போது காரைப் பூட்டவில்லை.

காலையில் அம்மாவைப் பின்னால் உட்காரவைத்து, மகள் முன்னால் ஏறினாள். பிரேக்கைத் தேடிக் காலை நீட்டினாள்.

எட்டவில்லை.

சீட் கடைசிவரை பின்னுக்குத் தள்ளியிருந்தது, நெட்டையான ஒருவர் கால்நீட்டிச் சாய்ந்துகொள்ளும் அளவுக்கு.