டிக் போட்ட கை

வீரய்யாவின் உடலைத் தூக்கியபோது சாராய நெடி குப்பென்று அடித்தது.

வீரய்யா குடிப்பதில்லை!

லிந்துலைக்கு மேலே ஒரு தோட்டம். அங்கே தேயிலை ஃபேக்டரி வாட்சர் அவன். ஃபேக்டரிக்குப் பின்னால் தண்ணீர் ஓடும் கானில் கிடந்தான். குடித்துவிட்டு வழுக்கி விழுந்தான் என்று பொலிஸ் எழுதிக்கொண்டு போனது.

மனைவி பூரணி நம்பவில்லை. முதல் நாள்தான் அவன் தன் ஸ்மார்ட்போனைத் தட்டிக் காட்டியிருந்தான்.

"இதுல ஒரு ஆளோட பேச்சு இருக்கு. நாளைக்கு தோட்டத்து தொரைகிட்ட போட்டுக் காட்டுறேன்."

யாருடைய பேச்சு? சொல்லவில்லை.

போன் கிடைத்தது. ஆனால்... வெறும் வெள்ளைத் திரை. அவ்வளவுதான்.

காரியம் முடிந்த மறுநாளே பூரணி ஹட்டனுக்கு பஸ் ஏறினாள். துணைக்கு வந்தவன் கணேசமூர்த்தி. தோட்டத்து ஆபீஸ் கிளார்க். வீரய்யாவோடு ஒரே லயத்தில், அடுத்தடுத்த வீட்டில் வளர்ந்தவன். பாடைக்கு முன்தோள் கொடுத்தவன். அவள் பட்டினி கிடந்தபோது சோற்றுத் தட்டை நீட்டி, "எனக்காக ரெண்டு வாய் சாப்பிடுங்க மதினி" என்று கெஞ்சியவன். கூடப் பிறந்தவன்கூட இப்படிப் பார்க்கமாட்டான் என்று அவள் உருகிப்போயிருந்தாள்.

பஸ்ஸில் போனைத் தான் வைத்துக்கொள்வதாக இரண்டு தடவை கேட்டான். முந்தானையில் முடிந்ததை அவள் அவிழ்க்கவில்லை.

ஹட்டனில் போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன் சுதாகரன், வீரய்யாவின் தம்பி. போனை வாங்கிக் கம்ப்யூட்டரில் சொருகினான். அந்த நேரத்தில் கணேசமூர்த்தி ஆபீஸ் கடிதங்களைப் போடத் தபால் கந்தோருக்குப் போய்விட்டான். ஒரு மணித்தியாலம் திரையில் என்னென்னவோ ஓடியது. பூரணிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

கணேசமூர்த்தி திரும்பி வந்த பிறகு சுதாகரன் விளக்கினான்.

"போனோட மூளை கொழம்பிப் போச்சு மதினி. கம்ப்யூட்டர்லருந்து புதுசா எழுதணும். இந்தக் கட்டத்துல டிக் விழுந்தா உள்ள இருக்கற எல்லாம் அழிஞ்சிரும். அதான் டிக்க எடுத்துட்டேன்."

பிளேன்டீ வாங்கப் பக்கத்துக் கடைக்குப் போனான்.

கணேசமூர்த்தியின் கை மவுஸுக்குப் போனது. 'டிக்' என்று ஒரு சத்தம்.

"ஸ்கிரீன் அணையாம இருக்க அசைச்சேன் மதினி."

ஆபீஸில் கம்ப்யூட்டரோடு பழகுகிறவன்... தெரிந்துதான் செய்வான் என்று பேசாமல் இருந்தாள்.

சுதாகரன் டீயோடு வந்தான். பட்டனை அழுத்தினான்.

பத்து... நாற்பது... தொண்ணூறு... நூறு!

போன் அதிர்ந்தது. ஒளிர்ந்தது. இன்று என்ன தேதி என்று கேட்டது. படம் இல்லை. பேச்சு இல்லை. கடையில் இன்றைக்கு வாங்கிய போன் மாதிரி வெறுமையாக இருந்தது.



"கட்டத்துல டிக் விழுந்திருக்கு. யாரு மவுஸத் தொட்டது?" என்றான் சுதாகரன்.

அவள் மெல்லத் திரும்பினாள். கணேசமூர்த்தி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. டீயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் கையால் வாங்கிச் சாப்பிட்ட சோறு அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. புருஷன் செத்தபோதுகூட இப்படி வலிக்கவில்லை. ஒரு பாவியை நம்பி, அவன் தோளில் சாய்ந்து அழுதிருக்கிறாள்!

"கை தவறிப் பட்டிருக்கும் மதினி. அழிஞ்சதுக்கு இனி என்னா செய்ய?"

"ஒண்ணும் அழியல்ல" என்றான் சுதாகரன்.

முன்பொருமுறை யாருடையதோ கல்யாணப் படங்களை அழித்துவிட்டு அறை வாங்கியவன் அவன். அன்றிலிருந்து எந்தப் போனானாலும், உள்ளே இருப்பதையெல்லாம் கம்ப்யூட்டரில் பிரதி எடுக்காமல் எழுதுவதில்லை. கணேசமூர்த்தி தபால் கந்தோருக்குப் போயிருந்த அந்த ஒரு மணித்தியாலமும் ஓடியது அதுதான். போன் பிழைத்துவிட்டதால் இனி அதைத் திருப்பி ஏற்ற வேண்டியதுதான் பாக்கி.

கணேசமூர்த்தி எழுந்தான்.

பூரணி அவனுக்கு முன் எழுந்தாள். ஷட்டரை இழுத்துவிட்டு, அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டாள்.

சுதாகரன் பிரதியைத் திருப்பி ஏற்றப் பத்து நிமிடம் ஆனது. பிறகு போன் பேசியது.

"லொறி பின்கதவுக்கு வரும். தேயிலத் தூள் மூட்டை ஏத்துறத நீ கண்டுக்காத வீரய்யா."

"தொரைகிட்ட சொல்லுவேன்டா."

"சொல்ல நீ இருக்கணுமே."

கணேசமூர்த்தியின் குரல்!

சுதாகரன் பொலிஸுக்குப் போன் போட்டான். கணேசமூர்த்தி அப்படியே குந்திவிட்டான்.

பூரணி ஆறிப்போன பிளேன்டீயை அவன் பக்கம் தள்ளினாள்.

"எனக்காக ரெண்டு வாய் குடிங்க தம்பி. ஜீப் வரக் கொஞ்சம் நேரமாகும்."