துரை கொண்டுவந்தது

கரண்டு போய் இரண்டு விசைத்தறியும் நின்றுவிட்டன. ஆனால் தறிக்கடியில் 'குர்ர்... குர்ர்' என்ற சத்தம் மட்டும் நிற்கவில்லை.

சங்கரசுப்பு உதட்டைப் பிதுக்கினான். அந்தச் சனியன்தான் செத்துத் தொலைந்ததே.

பூனைக்குத் துரை என்று பெயர் வைத்தவள் அவன் பெண்டாட்டி ஞானபூரணம். பெயரைப் பார்! அறுந்த பாவு நூலைத் தறிக்குள் குனிந்து அவன் முடிச்சுப் போடும்போதெல்லாம் துரை அடியிலிருந்து மறுமுனையைப் பிடித்து இழுக்கும். திட்டினால் காலை உரசும். அந்தியானால் செத்த எலியை அவன் பாதத்தில் வைத்துவிட்டுப் பெருமையாகப் பார்க்கும். கோயில் புற்றுமண்ணைக் குழைத்துத் தன் நெற்றியில் பூசும்போது அவள் அதற்கும் பூசிவிடுவாள். பிள்ளை பெறத் துப்பில்லாதவளுக்குப் பூனைமேல் கொஞ்சல். நேற்று புதுப் பாவு நூலை அது பிறாண்டியதும், நூல்சாக்கில் போட்டுக் கட்டிப் பாழுங்கிணற்றில் வீசிவிட்டு வந்தான்.

"துரையைக் காணலயே, பாத்தீயளா?" என்று இன்று மத்தியானம் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள்.

"உன் துரை தாலுகா ஆபீசுக்கு வேலைக்குப் போயிருக்கான். ஏட்டி, அந்தப் பாழுங்கிணத்துல போய்க் கூப்பிட்டுப் பாரு, ஓடி வருவான்."

அவள் உண்மையாகவே ஓடினாள். அவன் சிரித்தான். கூறுகெட்டவ, பசிச்சா வருவா.

வரவில்லை. வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. அடுப்படியில் இன்னும் விளக்கு ஏற்றவில்லை. அந்தக் கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது என்பது இப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கரண்டு வந்ததும் தறியை ஓட்டிவிட்டால் நினைப்பு மாறும் என்று குனிந்து, அறுந்த நூலைத் தடவி எடுத்தான்.

யாரோ அடியிலிருந்து இழுத்தார்கள்.

செல்லமாக. ஒரு தரம். இன்னொரு தரம்.

நூல் ஈரமாக இருந்தது. பாசி வாடை.

"ஏட்டி... பூரணம்?"

காலை ஏதோ உரசியது. குளிர்ந்த உரோமம். பாதத்தில் எதையோ வைத்தது. எலியில்லை. கனமில்லை. விரல்களால் தடவினான்.

கயிறு. நனைந்த கயிறு. நடுவில் தாலி.

குர்ர்... குர்ர்.

சத்தம் இப்போது காலடியில் இல்லை. முதுகுக்குப் பின்னால். ஞானபூரணத்தின் உயரத்தில்.

கண்ணாடி வளையல்கள் மெல்லக் குலுங்கின. ஈர நெற்றியொன்று அவன் கழுத்தில் பதிந்து, பிரியமாக, மேலும் கீழும் உரசியது.

கழுத்தில் வழிந்ததைத் தொட்டுப் பார்த்தான்.

குழைத்த புற்றுமண்.