காயாத சட்டை

சட்டை ஈரமாக இருந்தது. பையன் போய் இரண்டு வாரம் ஆகப்போகிறது. அறையைப் பூட்டிச் சாவியை வார்டன் தன் மேசைக்குள் வைத்திருந்தார். ஜன்னல் சாத்தித்தான் கிடந்தது. தூத்துக்குடி வெயிலுக்கு எந்த ஈரமும் அரை நாள் தாங்காது. ஆனாலும் சுவரோரக் கட்டிலுக்கு மேலே ஆணியில் தொங்கிய அந்தப் பள்ளிச் சட்டையின் நுனியில் ஒரு சொட்டு திரண்டு, கொஞ்ச நேரம் நின்று, தரையில் விழுந்தது. முருகேஸ்வரி அதைப் பார்த்துக்கொண்டே வாசலில் நின்றாள்.

"சுவர்ப்பக்கம் இருக்கதுதாம்மா சிவபாலன் கட்டில். ஜன்னல்பக்கம் ஜெபினோடது" என்றார் வார்டன் ஷீஜா மிஸ். சொல்லிவிட்டு உள்ளே வராமல் வராந்தாவோடு திரும்பிப் போய்விட்டார்.

அது ஊரில் இருக்கிற பள்ளிக்கூடம் மாதிரி இல்லை. பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே, கடலைப் பார்த்த கட்டடத்தில், தென் மாவட்டம் முழுக்கப் பரீட்சை வைத்துச் சலித்தெடுத்த பிள்ளைகளை மட்டும் தங்கவைத்துப் படிக்கவைக்கும் இடம். பதினொன்றாம் வகுப்புப் பையன் காலையில் தன் பாடத்தைப் படிப்பான்; மத்தியானம் எம்.எஸ்ஸி. படிக்கிறவர்களோடு ஆய்வுக்கூடத்தில் நிற்பான். சிவபாலன் தேறியபோது சாத்தான்குளம் பஜாரில், அப்பா மந்திரமூர்த்தியின் பலசரக்குக் கடைக்கு எதிரே, அவன் சிரித்த படத்தைப் போட்டு பிளெக்ஸ் கட்டினார்கள். கண்ணீர் அஞ்சலிக்கும் அதே அச்சுக்கடைக்காரர் அதே படத்தைத்தான் போட்டுக் கொடுத்தார். வேறு படம் கொடுக்க வீட்டில் யாருக்கும் தெம்பு இல்லை.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமும் விடுதி அலுவலகத்து போனிலிருந்து பிள்ளைகள் வீட்டுக்குப் பேசலாம். முதல் மாதத்திலிருந்தே அவன் ஒரே பேச்சுத்தான். "அம்மா, நான் வீட்டுக்கு வந்துரட்டா?" முருகேஸ்வரியும் ஒரே பதில்தான். "ஏலே, ஊரே பிளெக்ஸ் வச்சிருக்கு. இப்ப வந்து நின்னா என்ன சொல்லுவாங்க? கொஞ்ச நாள் பல்லைக் கடிச்சிட்டு இரு." பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான். பிறகு ஒரு மத்தியானம், கடல் நீரோட்டத்தை அளக்க அவனும் அறைத்தோழன் ஜெபினும் சேர்ந்து செய்த மிதவை கயிறு அறுத்துக்கொண்டு போக, அதைப் பிடிக்க இறங்கினார்கள். சிவபாலன் மறுநாள் துறைமுகக் கற்களில் ஒதுங்கினான். ஜெபின் இன்னும் கிடைக்கவில்லை.

ஜெபினின் அம்மா ஈவாஞ்சலின் அறைக்குள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். நாசரேத்தில் டீச்சர். மகனின் துணிகளை ஒவ்வொன்றாக மடித்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் துணியும் ஒன்றோடொன்று கலந்து கிடந்ததால், ஒவ்வொரு காலரையும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் மடித்தாள். எல்லார் துணியையும் சேர்த்து வெளுக்கப் போடுவதால் காலருக்குள் நூல் அடையாளம் தைத்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள். முருகேஸ்வரி மஞ்சள் நூலில் தைத்திருந்தாள். ஈவாஞ்சலின் நீல நூல்.

"அவன் கிடைச்சான்னா போட்டு அடக்கம் பண்ணணும்லா அக்கா. அதுக்குத்தான் நல்லதா ஒரு சட்டை பாக்கேன்" என்றாள். அழவில்லை. அழுது தீர்ந்த குரல் அது.

மெஸ்ஸில் இருந்து ஒரு அம்மா இரண்டு டம்ளர் டீ கொண்டுவந்து வைத்தாள். ஈவாஞ்சலின் டம்ளரைக் கையில் எடுத்து, கண்ணை மூடி, உதடு மட்டும் அசைய எதையோ சொல்லி, "ஆமென்" என்று முடித்த பிறகே குடித்தாள்.

"பழக்கம்" என்றாள். "ஜெபினும் விடமாட்டான். அவன் கண்ணத் திறக்கதுக்குள்ள தட்டுல உள்ள அப்பளம் காணாமப் போயிருமாம். உங்க மகன் வேல."

முருகேஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு வாரத்தில் முதல் சிரிப்பு. வந்த இடத்திலேயே அது அழுகையாக மாறியது. சோறு போடும்வரை பொறுக்காத பிள்ளை அவன். இலையில் வைத்ததும் அப்பளத்தை நொறுக்கிவிடுவான்.

ஆனால் அவள் வந்தது துணி மடிக்க அல்ல. மந்திரமூர்த்தியின் அக்கா முத்துச்செல்வி சொல்லி அனுப்பியிருந்தாள். வெளியூரில், அதுவும் தண்ணீரில் போன பிள்ளை தானாக வீட்டுக்கு வராது. உடம்பை எரித்தாலும் அது போன இடத்திலேயே நிற்கும். பெற்றவள் போய், அவன் உடுத்தியதில் ஒன்றை எடுத்து நெஞ்சோடு அணைத்துக் கூட்டிவர வேண்டும். அந்தக் குடும்பத்தில் காலகாலமாக அப்படித்தான்.

"ஏளா, நல்லாக் கேட்டுக்க. பேரு சொல்லக் கூடாது. பேரு சொன்னா அங்கன நிக்கது எல்லாம் கேட்டுக்கிடும். அம்மா வந்திருக்கேன், வாப்பான்னு மட்டும் சொல்லு. துணிக்குச் சொந்தக்காரன் வருவான். வழியில திருப்பத்துக்குத் திருப்பம் சொல்லிக்கிட்டே வா. வேற யாருட்டயும் பேசாத. திரும்பிப் பாக்காத. வீட்டுல இலை போட்டு, அவனுக்கு முதுகக் காட்டி உக்காரு. ஒரு தடவதான் கூப்பிட முடியும்ளா. வந்தவனப் போன்னு சொல்லவும் முடியாது."

ஈவாஞ்சலின் எழுந்து, ஆணியில் இருந்த ஈரச் சட்டையின் பக்கம் கையை நீட்டினாள். "இது யாருதுன்னு..."

"எம்மவனுது" என்று முருகேஸ்வரி பாய்ந்து எடுத்துக்கொண்டாள். அவன் கட்டிலுக்கு மேலே, அவன் ஆணியில், தண்ணீரில் போனவனின் ஈரம் காயாமல் தொங்குகிறது. காலரைத் திருப்பிப் பார்க்க அதில் என்ன இருக்கிறது? இவள் பெட்டிக்குள் இதுவும் போய்விட்டால் பிள்ளை இங்கேயே நின்றுவிடுவான். துக்கத்துக்கும் ஒரு பேராசை உண்டு. சட்டையை நெஞ்சோடு சேர்த்து, அறை வாசலைத் தாண்டும்போது மெல்லச் சொன்னாள்: "அம்மா வந்திருக்கேன். வாப்பா. வீட்டுக்குப் போவோம்."

பின்னால் ஈரக்கால் தரையில் ஒட்டிப் பிரிகிற சத்தம் கேட்டது.

வந்துட்டான். அவள் திரும்பிப் பார்க்காமல் படி இறங்கினாள். கீழே காத்திருந்த காரில் முன் இருக்கையில் ஏறிக்கொண்டாள். பின்கதவைத் திறந்து, ஓர் ஆள் ஏறுகிற அளவு பொறுத்துச் சாத்தினான் டிரைவர் செல்லப்பாண்டி. முத்துச்செல்வி அவனுக்கும் சொல்லியிருந்தாள். கார் பின்பக்கம் லேசாக அமுங்கியது. செல்லப்பாண்டி பின்புறம் காட்டும் கண்ணாடியைக் கையால் தட்டி மேலே பார்க்கும்படி திருப்பிவிட்டு வண்டியை எடுத்தான்.

உப்பளங்கள் வந்தன. வெயில் சாய்ந்து உப்புக் குவியல்களின் நிழல் சாலை மேல் நீண்டு கிடந்தது. காருக்குள் ஒரு வாடை ஏறிக்கொண்டே வந்தது. கடல் வாடை என்று சொல்லிவிட முடியாது, வெகுநாள் மூடிக் கிடந்த தண்ணீர்த் தொட்டியைத் திறந்ததும் முகத்தில் அடிக்குமே, அப்படி, அதோடு பாசியும் இரும்பும் கலந்த ஒன்று. சட்டையிலிருந்து ஒழுகிய நீர் அவள் மடியை நனைத்து, முழங்கால் வழியாக இறங்கி, செருப்புக்குள் தேங்கியது. எவ்வளவு ஒழுகியும் சட்டை இலேசாகவில்லை. "பழையகாயல் வந்துட்டுப்பா, கூடவே வா" என்றாள். முக்காணிப் பாலம் ஏறும்போது, "ஆறு வருது. பயப்படாத. அம்மா இருக்கேன்" என்றாள். தண்ணீரைப் பார்த்தால் பிள்ளை பயப்படுவானே என்று அந்த நேரத்திலும் அவளுக்குத் தோன்றியது. பின்னிருக்கையிலிருந்து ஒரு மூச்சு. பல் கிட்டித்த குளிரில் இழுக்கிற மூச்சு.

நாசரேத் நெருங்கும்வரை அவன் அமைதியாகத்தான் வந்தான்.

ஊர் எல்லையில் தேவாலயக் கோபுரம் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்கால ஆராதனைக்கு மணி அடித்துக்கொண்டிருந்தது. சட்டை சட்டென்று கனத்தது. ஒரு குடம் தண்ணீரை மடியில் வைத்ததுபோல் கனத்தது. பின்கதவின் கைப்பிடி படக்கென்று இழுபட்டது. விட்டது. மறுபடி இழுபட்டது. பின்ஜன்னல் கண்ணாடியை யாரோ உள்ளங்கையால் அடித்தார்கள், மெதுவாக, பிறகு வேகமாக.

"அக்கா" என்றான் செல்லப்பாண்டி. "நிறுத்தட்டா?"

பேசக் கூடாது. அவள் தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். வழியில் நிற்கிற வேறு ஏதோ ஒன்று தன் பிள்ளையை இறங்கச் சொல்லி இழுக்கிறது என்று நினைத்தாள். சட்டையை இறுக்கினாள். நகம் துணிக்குள் பதிந்தது. "இறங்காத. இறங்கக் கூடாது. அம்மா சொல்லுதேன்லா. கூடவே வா." தேவாலயத் திருப்பம் வந்தது. போனது. மணிச்சத்தம் பின்னால் தேய்ந்தது. கதவை இழுக்கிற கை ஓய்ந்தது. அதன் பிறகு சாத்தான்குளம் வரும்வரை பின்னால் யாரோ சத்தம் வராமல் தேம்பிக்கொண்டே வந்தார்கள். வீட்டு ஞாபகத்தில் அழுகிறான் என்று அவளும் அழுதாள். அந்த மட்டும் அவள் நினைத்தது சரிதான்.

வீட்டில் விளக்கு ஏற்றும் நேரம். முத்துச்செல்வி எல்லாரையும் தெருவில் நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தாள். மந்திரமூர்த்தி தலையைக் குனிந்தபடி இருந்தார். முருகேஸ்வரி யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே போனாள். உள்ளறையில் தலைவாழை இலை. சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பொரியல், ஓரத்தில் அப்பளம். எல்லாம் வைத்துவிட்டு, இலைக்கு முதுகைக் காட்டி, மடியில் சட்டையோடு உட்கார்ந்தாள்.

ஈரக்கால் சத்தம் வந்தது. இலைக்கு முன்னால் நின்றது. உட்கார்ந்தது. சொட்டு, சொட்டு, தரையில்.

"சாப்பிடுப்பா" என்றாள்.

அப்பளம் நொறுங்கவில்லை.

அவள் காத்திருந்தாள். விளக்குத் திரி படபடத்தது. தெருவில் ஒரு பைக் போய் ஓய்ந்தது. இலை அசையவில்லை. சோறு வைத்ததும் கை நீட்டுகிற பிள்ளை ஏன் நீட்டவில்லை? பசிக்கவில்லையா? கோபமா? அப்போது முதுகுக்குப் பின்னால், மிக மெல்ல, தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி, ஒரு முணுமுணுப்புத் தொடங்கியது. வார்த்தைகள் புரியவில்லை. ராகமும் இல்லை. மனப்பாடமானதை மரியாதையோடு சொல்கிற தொனி. அது நீண்டு, முடிவுக்கு வந்தது.

"ஆமென்."

பிறகு அப்பளம் நொறுங்கியது.

அவள் விரல்கள் தாமாகச் சட்டைக் காலரைத் தேடின. திருப்பின. விளக்கு வெளிச்சத்தில் நூல் தெரிந்தது. நீலம்.

இன்னும் கடலிலிருந்து கிடைக்காத பிள்ளையின் சட்டை. அதனால்தான் காயவில்லை. நாசரேத்தில் இறங்கக் கதவை அடித்த பிள்ளை. அவன் வீட்டு வாசல் வழியாகவே, இறங்கக் கூடாது என்று இறுக்கி, இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அங்கே அந்த டீச்சர் மடித்த துணியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இங்கே இது. அப்படியென்றால் இவள் பிள்ளை? ஒரு தடவைதான் கூப்பிட முடியும். கூப்பிட்டாயிற்று.

போன் அடித்தது.

இடுப்பில் செருகியிருந்ததை எடுத்தாள். 'சிவா ஹாஸ்டல்' என்று திரையில் மின்னியது. ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம். அவன் பேசுகிற நேரம். கை தானாகக் காதில் வைத்தது.

காற்று. அலை. அப்புறம் அந்தக் குரல்.

"அம்மா. நீ வந்தியே?"

அவள் போனைக் காதோடு அழுத்தினாள்.

"நான் ரூம்லதாம்மா இருந்தேன். கட்டில்லதான் உக்காந்திருந்தேன். நீ என்னயப் பாக்கவே இல்ல." மூக்கை உறிஞ்சினான். சின்ன வயசிலிருந்து அப்படித்தான், அழுவதற்கு முன்னால் மூக்கை உறிஞ்சுவான். "நான் பல்லைக் கடிச்சிட்டுத்தான் இருக்கேன். எப்பம்மா வருவ?"

"ஐயா..." என்றாள்.

முதுகுக்குப் பின்னால் சாப்பிடுகிற சத்தம் நின்றது. ஈரமான எதுவோ இலையைத் தரையோடு அவள் பக்கம் நகர்த்தியது. இலை விளிம்பு அவள் சேலையைத் தொட்டது.

"ஆன்ட்டி" என்றது இன்னொரு குரல். நல்ல மரியாதையான குரல், வளர்த்த விதம் தெரிகிற குரல். "எங்கம்மா எங்க ஆன்ட்டி?"

திரும்பிப் பார்க்கக் கூடாது. அவள் திரும்பினாள். முகம் இருக்க வேண்டிய இடத்தைப் பார்க்க மனம் வரவில்லை, கையைத்தான் பார்த்தாள். வெளுத்துச் சுருங்கி, நகமில்லாத, நுனிகளில் மீன் கடித்த அந்தக் கை, சோற்றுப் பருக்கையோடு இலை மேல் அவளை நோக்கி நீண்டிருந்தது. அறையின் தரை முழுக்கத் தண்ணீர் பரவி நிலைப்படியைத் தொட்டுக்கொண்டிருந்தது. காதில் ஒரு பிள்ளை அம்மா, அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். முருகேஸ்வரி போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, கரண்டியை எடுத்து, நீட்டிய கைக்கு முன்னால் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.