சுதன் என்று பெயரிட்ட டிஸ்க்

அனுசியா மாட்டியிருந்த புது டிஸ்க்கில், பழையதில் இருந்ததுபோல் சுற்றும் தட்டு எதுவும் கிடையாது. ஆனாலும் கம்ப்யூட்டர் பெட்டிக்குள், ஃபேன் சத்தத்துக்கு அடியில், எதுவோ சுற்றிக்கொண்டிருந்தது.

பாளையம்பட்டியில் அன்று மாதாந்திர மின்தடை. எந்நேரமும் காதை அடைக்கும் விசைத்தறிகள் உச்சிவெயிலில் ஊர் முழுக்க நின்றுபோயிருந்ததால், சேலை டிசைன் போடும் அந்தப் பின்னறையில், பஞ்சுத் தூசியும் சாயமும் சூடேறிய பிளாஸ்டிக்கும் கலந்த வாடைக்கு நடுவே, அந்தச் சன்னமான உறுமல் தெளிவாகக் கேட்டது. யுபிஎஸ் பேட்டரியில் ஓடிய கம்ப்யூட்டர், லினக்ஸ் சிஸ்டம் முழுதாகத் திறக்காமல் பாதி வழியில் நின்றிருந்தது. முந்தின நாள் அப்டேட் போட்டதிலிருந்து இப்படித்தான். ‘சுதன்’ என்ற டிஸ்க்குக்காகக் காத்திருப்பதாகத் திரையில் ஒரு வரி. கால வரம்பு இல்லை என்று அதன் பக்கத்திலேயே.

அதே நாற்காலியில் ஒன்பது வருஷம் டிசைன் போட்ட ஹரிஹரசுதன், தன் டிஸ்க்குக்குத் தன் பெயரையே வைத்திருந்தான். போன சித்திரையில் பாலவனத்தம் ரோட்டில் லாரி மோதிச் செத்துப்போனான். ஆயுத பூஜைக்கு அறையைச் சுத்தம் செய்தபோது, உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்கச் சோம்பிய அனுசியா, அந்த டிஸ்க்கைக் கழற்றிப் பழைய இரும்போடு போட்டுவிட்டாள். ஆனால் தொடக்கத்தில் தேட வேண்டிய டிஸ்க்குகளின் பட்டியலில் அதன் பெயர் அப்படியே இருந்தது. இதுவரை சிஸ்டம் அதைக் கண்டுகொள்ளாமல் கடந்துபோனது. இப்போது போகவில்லை.

வாசலில் நிழல் விழுந்தது. சுதனின் மனைவி பானுப்பிரியா. நான்காவது முறையாக வருகிறாள். ஒரு கையில் பென்டிரைவ், மறு கையில் பாட்டில் மோர்.

“கரண்டு இல்லாம வெந்துக்கிட்டு இருக்கியே அனு, இதக் குடி. அவுக இந்தக் கம்ப்யூட்டருல பேசிப் பாடிப் பதிஞ்சு வச்சது கெடச்சுச்சா? புள்ளைக்கு அப்பா குரலே மறந்துபோச்சாம். எப்படிப் பேசுவாகன்னு என்னையக் கேக்குது. இருந்தப்ப அவுக பாட ஆரம்பிச்சா நானே வாயப் பொத்துவேன். இப்ப அதுக்குத்தான் நடையா நடக்கேன்.”

சிரிக்கப் பார்த்தாள்.

தூக்கிப் போட்டுவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். பானுப்பிரியா அழுதிருப்பாள். அழுது முடித்து, காத்திருப்பதை விட்டிருப்பாள். நல்லது செய்யக் கடவுள் நம் கையில் தரும் நேரம் பெரும்பாலும் இவ்வளவு சின்னதாகத்தான் இருக்கிறது.

“ரிப்பேருக்கு மதுரைக்குப் போயிருக்குக்கா. அடுத்த வாரம் பாப்போம்.”

“வந்துருமா?”

“வந்துரும்க்கா.”

“அப்ப வாரேன்.”

மோரை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். செருப்புச் சத்தம் தெருவில் தேய்ந்து மறைந்ததும் உறுமல் கூடியது.

அனுசியா பழுது பார்க்கும் கட்டளைத் திரைக்குள் நுழைந்து, பட்டியலில் சுதனின் வரியை அழித்துச் சேமித்து, மறுபடி ஓடவிட்டாள். அதே இடத்தில் நின்றது. பட்டியலைத் திறந்தாள். அழித்த வரி இருந்தது. மறுபடி அழித்தாள். மறுபடி இருந்தது. எத்தனை டிஸ்க் என்று சிஸ்டத்தைக் கேட்டாள்.

இரண்டு.

பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினாள். ஒரே டிஸ்க். பழையது இருந்த இடத்தில் தூசியும், எதிலும் செருகாத ஒயரும். அந்த வெற்றிடத்தில் விரலை வைத்தாள்.

சுட்டது.

தலை தூக்கினாள். காத்திருந்த வரி போய்விட்டது. ‘சுதன்’ கிடைத்தது என்றது திரை. டிசைன் போடும் பக்கம் வந்தது. ஒரு கோப்புறை தானாகத் திறந்தது. உள்ளே வரிசையாக ஒலிப்பதிவுகள், ஒவ்வொன்றிலும் தேதி. சித்திரை வரைக்கும் எல்லாவற்றிலும் சுதனின் மகளின் பெயர்.

அதற்குப் பிறகும் தேதிகள் இருந்தன.

ஆயுத பூஜை அன்று ஒன்று. பானுப்பிரியா வந்துபோன மூன்று நாளும் ஒவ்வொன்று. நேற்று. இன்று.

இன்றையதை அழுத்தினாள்.

“வந்துரும்க்கா.”

அனுசியாவின் குரல்தான். பிறகு தேயும் செருப்புச் சத்தம். பிறகு ஒரு மூச்சு. கிட்டத்தில். மிகக் கிட்டத்தில்.

நிறுத்தினாள்.

கீழே இன்னொரு பதிவு ஓடிக்கொண்டிருந்தது. அவள் தொடவில்லை. அதில் ஒரு பச்சைக் கோடு. அவள் மூச்சை இழுத்தால் எழுந்தது. விட்டால் தாழ்ந்தது.

இரு கையாலும் வாயைப் பொத்தினாள். மூக்கையும் சேர்த்து. மூச்சை அடக்கினாள்.

கோடு எழுந்தது.

தாழ்ந்தது.

எழுந்தது.