குடுவை திறந்த வாரம்

வீட்டில் பல்லிச் சத்தம் நின்று மூன்று நாளாகிறது என்பதை, துணி மடித்துக்கொண்டிருக்கும்போதுதான் ஜெலியா கவனித்தாள். போர்னியோத் தீவின் கப்பிட்டில், மழைக்காலத்தில், பல்லி கத்தாத வீடே கிடையாது. எறும்பையும் காணவில்லை. காலையில் மேசையில் சிந்திய சர்க்கரை அப்படியே கிடந்தது.

கடைக்கு மேலிருந்த இந்த வீட்டுக்கு அவளும் கணவன் உங்காவும் குடிவந்தபோது, குளியலறை ஜன்னலில், பூச்சியை வழுக்கி விழவைத்துத் தின்னும் குடுவைச் செடி ஒன்று காய்ந்து தொங்கியது. முன்பு இருந்த டீச்சர் விட்டுப்போனது.

"அந்தச் சனியனத் தூக்கிப் போடு," என்றாள் வீட்டுக்காரி லுலோங்.

"தண்டு இன்னும் பச்சையா இருக்கேக்கா."

"பொழச்சா சொல்லு, குடுவைக்குள்ள ஒட்டரிசி அடச்சு அவிச்சுத் தின்னலாம். டீச்சரம்மா மாதிரி அதுகூடக் குடும்பம் நடத்தாத. சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டா. செருப்பக்கூட எடுக்கல."

உங்காவ் ஆற்றுப் படகில் வேலைக்குப் போய்விட்டால் பகல் முழுக்க ஜெலியா தனி. குழாய்த் தண்ணீர் ஆகாதென்று மழைநீர் பிடித்து ஊற்றினாள். கருகியதை நறுக்கி, வேருக்கு ஈரப்பாசி கட்டினாள். ஆறாவது வாரம் இலை நுனிகள் ஊதின. போன வாரம்தான் முதலாவது குடுவை மூடி திறந்தது. அவள் முழங்கை நீளம், கறுஞ்சிவப்பு உதடு, பழுத்த பலாவில் தேன் ஊற்றியதுபோல் ஒரு வாசனை. அன்றிலிருந்து அவள் காரணமில்லாமல் குளியலறைக்குப் போய் நின்றாள்.

பல்லியும் எறும்பும் எங்கே போயின என்று இப்போது புரிந்தது. இன்று அதைத் தூக்கி ஆற்றில் எறிந்துவிடுவது என்று, மடித்த துணியை வைத்துவிட்டு எழுந்தாள்.

தகரக் கூரையில் மழை ஒரே சீராக இரைந்துகொண்டிருக்க, கீழே கடை வானொலியில் யாரோ சிரிப்பது கேட்க, குளியலறையின் பச்சை வெளிச்சத்துக்குள் அவள் மூச்சை அடக்கிக்கொண்டு நுழைந்தாள். பின்னால் கதவு சாத்திக்கொண்டது. காற்றாக இருக்கும். கைப்பிடியைப் பற்றினாள். விரல்கள் வழுக்கின. துணியைச் சுற்றிப் பிடித்தாள், துணியும் வழுக்கியது. சுவரில் கை ஊன்றினாள். வெள்ளையாக மெழுகுத்தூள் அப்பிக்கொண்டது. நேற்றுத் தேய்த்துக் கழுவிய சுவர்.

"லுலோங் அக்கா!"

வானொலி சத்தம் இப்போது வெகு உயரத்திலிருந்து வந்தது.

தரை சரிந்திருந்தது. நடுவில் குழிந்து, கணுக்கால் அளவுக்கு ஏதோ தேங்கியிருந்தது. தண்ணீர் இல்லை. வெதுவெதுப்பு. காலைத் தூக்கினால் நூல்நூலாக இழுத்தது. கதவை நோக்கி ஓரடி வைத்தாள். இரண்டடி சறுக்கினாள்.

மறுபடி. மறுபடி.

முழங்கால். இடுப்பு. தோல் எரிந்தது. பிறகு எரியவில்லை.

மரப்படியில் காலடி. உங்காவ்.

"ஜெலியா, எங்க இருக்க? படகு சீக்கிரம் வந்துருச்சு."

கதவு எளிதாகத் திறந்தது. அவன் முகம் மேலே, மிக மேலே, கிணற்று விளிம்பில் தெரிவதுபோல் தெரிந்தது. அவளைப் பார்க்கவில்லை. முகர்ந்தான். சிரித்தான்.

"என்ன செஞ்ச? இவ்வளவு வாசனையா இருக்கு."

வராதே என்று கத்த வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. அவள் தொண்டையிலிருந்து இனிப்பாக, கனமாக, அந்த வாசனைதான் எழும்பி மேலே போனது.

உங்காவ் கண்ணை மூடிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் உள்ளே குனிந்தான்.