படகு போகாத நாளில் ஐஸ்

மருந்துநாளுக்கு மறுநாள் காலை ததேயு வாளியோடு ஐஸ் கம்பெனிக்குப் போனபோது, அங்கே ஏற்கெனவே நீண்ட வரிசை நின்றது. கடல்சுவருக்கு அப்பால் காற்று சீறிக்கொண்டிருந்தது. ஒரு படகும் கடலுக்குப் போகவில்லை. ஆனாலும் எல்லோர் கையிலும் வாளியோ பெட்டியோ இருந்தது.

"என்ன அண்ணாச்சி, மீனுக்கா?" என்றான் முன்னால் நின்ற அடுத்த வீட்டு சல்வதோர்.

"மீனுக்குத்தான். ஒனக்கு?"

"நமக்கும் மீனுதான்."

"அப்பிடி என்னடே மீன் பட்டுச்சு?"

சல்வதோர் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "பெரிய மீனு அண்ணாச்சி. வீட்டுலயே படுத்துக் கெடக்கு."

கடல் ஏறி வந்ததால் ஊரைச் சுற்றிச் சுவர் எழுப்பிய காலத்திலிருந்து சிலுவைத்துறையின் சாக்கடைக்கு வடிகால் இல்லை. கொசு பெருகியது. கொசுவோடு யானைக்கால் புழுவும் குடியேறியது. 'புழுவற்ற துறை' என்ற சான்று இல்லாத ஊரில் கப்பல்கள் அரிசி இறக்க மாட்டோம் என்றன. அதனால் வந்ததுதான் மருந்துநாள். ஆண்டுக்கு ஒருமுறை ஊரே மாத்திரை விழுங்க வேண்டும். உடம்பில் புழு இருந்தால், அது சாகும்போது மறுநாள் காய்ச்சல் அடிக்கும். உச்சிப்பொழுதில் வெப்பக்கண் என்ற பறக்கும் கருவி தெருத்தெருவாக மிதந்து வந்து, வாசலில் நிற்பவர்களின் நெற்றியைப் பார்க்கும். நெற்றி சுட்டால் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், மறுகரை முகாம். போனவர் யாரும் திரும்பியதில்லை.

ஊரும் சும்மா இருக்கவில்லை. மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, மாத்திரை கொடுக்கும் பணியாளர் தலை மறைந்ததும் துப்பிவிடப் பழகியிருந்தது. ததேயுவும் துப்பினான். மகள் பிரகாசியையும் துப்பச் சொன்னான். அவளுக்குத் தொடையிடுக்கில் நெறி கட்டியபோதும், வலது காலில் கொலுசு மாட்ட முடியாமல் போனபோதும்கூட அப்படித்தான் சொன்னான். தாயில்லாப் பிள்ளையை மறுகரைக்கு அனுப்ப அவனால் முடியாது.

இந்த ஆண்டு வந்தது சொல்மாத்திரை. அது வயிற்றில் கரைந்தால்தான் பணியாளரின் கருவியில் பச்சை விளக்கு எரியும். முதன்முறையாக ஊர் முழுக்க உண்மையிலேயே மருந்தை விழுங்கியது. விடியலில் பிரகாசியின் உடம்பு அனலாய்க் கொதித்தது.

சல்வதோரின் பெட்டியில் ஐஸ் பார் ஒன்றை இறக்கியதும் ஐஸ் கம்பெனி லூர்து ஷட்டரைப் பாதிக்கு இழுத்தார். "பார் தீந்து போச்சு. எல்லாரும் போங்க."

ததேயு சல்வதோரின் பெட்டியைப் பிடித்துக்கொண்டான். "பாதி ஒடச்சுக் குடுடே."

"ரெண்டு பேரு கெடக்காவ அண்ணாச்சி. வீட்டுக்காரியும் சின்னவனும். கையெடுங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று சல்வதோருக்கு உறைத்தது. வரிசை சட்டென்று அவனை விட்டு விலகியது.

"எதுக்கு ஒதுங்குறீய?" ததேயு வரிசையைப் பார்த்துத் திரும்பினான். "எம்மவளுக்கும் காய்ச்சல்தான். ஒங்க எல்லாரு வீட்டுலயும் அதேதான். எல்லாரும் சேந்து ஐஸ் வைக்காம வாசல்ல நிப்போம். ஊரையே மறுகரைக்குக் கொண்டு போயிருவானா?"

வரிசையில் நின்ற அடுத்த தெருப் பெண் ஒருத்தி தன் காலி வாளியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எங்களுக்கு மீனுக்குத்தான் வேணும்."

சல்வதோர் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினான்.

வீட்டில் பிரகாசி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். காலி வாளியைப் பார்த்தாள். கேட்க வேண்டியதே இல்லை.

"அப்பா, புழு சாகுறதுனாலதான காய்ச்சல் வருது?"

"ஆமா மக்ளே."

"அப்ப எனக்குச் சரியாகிட்டுதான வருது? சரியாகுறவள எதுக்கு அனுப்புறாவ?"

ததேயு அவள் நெற்றியில் ஈரத்துணியைப் போட்டான். கொஞ்ச நேரத்திலேயே துணி சூடேறியது. தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். சில்லென்றிருந்தது. அவனும்தான் மாத்திரை விழுங்கினான். இத்தனை கொசு கடித்த உடம்பில் ஒரு புழுகூட இல்லையா? அவளை மட்டும்தான் கூட்டிப் போவார்கள்.

"மறுகரையில கொசுவலை இருக்குமாப்பா?"

அவன் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தான். இருந்த கல் உப்பையெல்லாம் சட்டியில் கொட்டி, வெடிக்க வெடிக்க வறுத்தான். துணியில் மூட்டையாய்க் கட்டித் தன் நெற்றியிலும் கன்னத்திலும் கழுத்திலும் ஒத்தடம் கொடுத்துக்கொண்டான். தோல் எரிந்தது. மூட்டை ஆறியதும் மறுபடி வறுத்தான்.

"ஒங்களுக்குத்தான் காய்ச்சலே இல்லையே!" பிரகாசி அவன் கையைப் பிடித்து இழுத்தாள். "வேண்டாம்ப்பா, விடுங்க!"

"சும்மா இரு. ஒன்னத் தனியா விட்டுட்டு இங்க நான் யாருக்குச் சோறு பொங்க?"

வெளியே வெப்பக்கண்ணின் ரீங்காரம் கேட்டது. மூட்டையைக் கடைசியாக ஒருமுறை நெற்றியில் அழுத்தி எடுத்துவிட்டு, மகளைத் தாங்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றான். பக்கத்து வாசலில் சல்வதோரின் மனைவி உதடு நீலம் பாரித்து, பற்கள் கிட்டித்து நின்றாள். சின்னவன் அவள் முந்தானைக்குள் நடுங்கினான். தெரு நெடுகவும், முந்திப் போய் ஐஸ் வாங்கியவர்கள் வாசலுக்கு வாசல் இப்படி நடுங்கியபடி நின்றார்கள். வெப்பக்கண் அவர்களையெல்லாம் நிதானமாகக் கடந்து வந்தது. ததேயுவின் வீட்டு முன் நின்றது.

"காய்ச்சல். இருவர்."

மறுகரைக்குப் போகும் வண்டி தெருமுனையில் காத்திருந்தது. யாரும் அவர்களை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒவ்வொரு வாசற்படிக்கும் கீழிருந்து உருகிய ஐஸ் தண்ணீர் கசிந்து தெருவில் இறங்கிக்கொண்டிருந்தது. பிரகாசி வீங்கிய காலை அதில் வைத்து நடந்தாள்.

"குளுருதுப்பா," என்றாள்.

அந்தத் தண்ணீர் கடல்சுவர் வரை போய், வழி தெரியாமல் தேங்கி நின்றது. சாயங்காலத்துக்குள் அதன்மேல் கொசு மொய்க்க ஆரம்பித்திருந்தது.